அக்காவின் பலகாரக் கொப்பி

எங்கள் அக்காவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. 80 பக்கம், ஒற்றைக் கோடு. பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் சாதாரணக் கொப்பிதான். மூலைகள் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய்விட்டன. சித்திரைப் புத்தாண்டுக்கு எந்தெந்த வீட்டுக்குப் பலகாரத் தட்டுப் போக வேண்டும், போன வருடம் அந்த வீட்டிலிருந்து என்ன வந்தது, எத்தனை வந்தது, தட்டு திரும்பிப் போனதா என்பதெல்லாம் அதில் இருக்கும். சில வீடுகளுக்கு எதிரே சிறிய புள்ளடி போட்டிருப்பாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டுப் பக்கத்தை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 43 வீடுகள். ஒரு தட்டுக்கு ஆறு முறுக்கு, ஐந்து அரியதரம், ஆறு பயற்றம் உருண்டை, கொஞ்சம் அச்சுப் பலகாரம், ஒரு சீப்பு வாழைப்பழம். முறுக்கு மட்டும் 258. அரியதரம் 215. வீட்டில் தின்பதற்கும், வருகிறவர்களுக்கு வைப்பதற்கும் வேறு. இத்தனையையும் ஒரே ஒருத்தி, ஒரே ஒரு தாச்சியில், நான்கு இரவுகளில் பொரித்து எடுத்தாள்.

எங்கள் ஊர் பெரிய கல்லாறு. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் களுவாஞ்சிகுடியைத் தாண்டி வந்தால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு. நிலம் ஒடுங்கியதால் வீடுகள் நெருக்கம். வீடுகள் நெருங்கியதால் சொந்தமும் நெருக்கம். ஒரு வீட்டுக்குத் தட்டு போய் அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் அன்று மாலைக்குள் வாவிக்கு அந்தப் பக்கம் வரை செய்தி போய்விடும்.

எங்கள் முறுக்கு உரலின் அச்சில் ஒரு பல் உடைந்திருக்கிறது. அம்மா காலத்திலேயே உடைந்தது. அதனால் எங்கள் வீட்டு முறுக்கின் ஒரு ஓரம் முள் இல்லாமல் மழமழவென்று இருக்கும். அந்த 2018இல், சித்திரை பிறந்த மறுநாள் மாலை, மூன்று ஒழுங்கைக்கு அப்பால் இருக்கும் ஒரு மாமி வீட்டிலிருந்து தட்டு வந்தது. துணியை விலக்கிப் பார்த்தால் நான்கு முறுக்குகள், ஒரு ஓரம் மழமழவென்று. மாமிக்கு நாங்கள் அதுவரை தட்டு அனுப்பவே இல்லை. நாங்கள் யாருக்கோ கொடுத்தது, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து மாமியிடம் போய், ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறது. நானும் தம்பியும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அக்கா சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்தாள். மாமியின் பெயருக்கு நேரே ‘மு – 4’ என்று எழுதினாள்.

அதற்கு மூன்று நாள் முன்பு, இரவு பதினொரு மணிக்கு, அதே அக்கா குசினித் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அரியதரத்துக்குப் பாகு பதம் தவறிவிட்டது. அரியதரத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, சர்க்கரைப் பாகில் குழைத்து ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் தட்டி எண்ணெயில் போட்டால் பாகு தவறியது அப்போதுதான் தெரியும். வட்டமாகப் போட்டது எண்ணெயில் பூப்போல விரிந்து, கரைந்து, அடியில் கறுப்பாகப் படிந்துவிடும். அரிசியும் போச்சு, சர்க்கரையும் போச்சு, எண்ணெயும் போச்சு. நான் வாசலில் நின்று, “உதவிக்கு வரவா அக்கா?” என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “நீ வந்தால் உனக்கு என்ன செய்வதென்று நான்தான் சொல்ல வேண்டும். அதற்கும் என்னிடம் மூளை இல்லை. போய்ப் படு.”

அந்தச் சொல் என்னை வெகு நாள் குடைந்தது. நான் கெட்டிக்காரத் தங்கச்சி என்றுதான் என்னைப் பற்றி எனக்கு எண்ணம். பாடசாலை விட்டதும் ஓடி வந்து தேங்காய் திருவிக் கொடுத்திருக்கிறேன், பயறு வறுத்திருக்கிறேன், தட்டுக்களைச் சுமந்து ஒழுங்கை ஒழுங்கையாகப் போயிருக்கிறேன். ஆனால் எது முடிந்தது, எது மிச்சம், எண்ணெய் எத்தனை போத்தல் வேண்டும், எந்த வீட்டில் யார் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், யாருடைய தட்டில் வாழைப்பழம் கூட வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. என் கை இரண்டும் அவளுடைய கைகளாக வேலை செய்தன. சுமை முழுவதும் அவளுடைய தலையில்தான் இருந்தது.

இதற்கு எங்கள் பக்கத்து வழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மட்டக்களப்பில் தமிழருக்குக் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியாக வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. கோயிலில் பங்கும் முறையும் அதை வைத்துத்தான். வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வேறு மாவட்டத்து நண்பிகளிடம் இதைச் சொன்னால், “அப்படியென்றால் உங்கள் ஊரில் பெண்களுக்குக் கொண்டாட்டம்தான்” என்பார்கள். கொண்டாட்டத்தன்று வந்து பாருங்கள் என்பேன்.

வீடு பெண்ணுடையது என்றால் அடுப்பும் அவளுடையது. எங்கள் வளவில் மூன்று வீடுகள். முன் வீடு அக்காவுக்குக் கொடுத்தது. பக்கத்தில் எனக்குக் கட்டியது. பின்னால் உள்ள சிறிய வீடு தங்கச்சியின் பெயரில் இருக்கிறது. அவள் கொழும்பில் வெள்ளவத்தையில் இருப்பதால் அம்மாவும் அப்பாவும் அதில் இருக்கிறார்கள். தம்பி களுதாவளையில் கலியாணம் செய்தவன். புத்தாண்டுக்கு அவன் எங்கள் வளவுக்கு வந்தால் தாய் வீட்டுக்கு வந்த பிள்ளை. கதிரையைப் போட்டு உட்கார வைத்துவிடுவோம். மனைவி வீட்டுக்குத் திரும்பினால் அங்கே மருமகன். அங்கேயும் எழும்ப விடமாட்டார்கள். அத்தான், அதாவது அக்காவின் கணவர், எங்கள் வீட்டுக்கு வந்து 25 வருடம் ஆகிறது. அவர் இன்னும் மருமகன்தான். எங்கள் ஊர் ஆண்கள் இப்படி இரண்டு வீட்டிலும் விருந்தாளிகள். குறை சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்: ஒரு வளவில் பெரியவர்கள் ஒன்பது பேர் கூடினால் அவர்களில் நான்கு பேர் விருந்தாளிகள், இரண்டு பேர் முதியவர்கள். மிச்சம் மூன்று பேர் சகோதரிகள். அந்த மூவரில் வீட்டுக்காரி ஒருத்தி.

பிறகு 2020 வந்தது. மார்ச் 20இல் போட்ட ஊரடங்கு சித்திரை வரை நீண்டது. சார்வரி வருடம் பிறந்தபோது வெளிப் படலையைத் திறக்கவே முடியவில்லை. புத்தாண்டுக் குளிப்புக்குத் தலையில் வைக்கும் மருத்துநீரை, மஞ்சளும் துளசியும் அறுகும் போட்டு அம்மா தானே காய்ச்சினார். அக்கா ஒரு சட்டி புக்கை பொங்கினாள். அவ்வளவுதான். கொப்பியில் அந்த வருடப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: ‘ஊரடங்கு’.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். “பார், ஒரு தட்டும் போகவில்லை, யாராவது கோபித்தார்களா? அடுத்த வருடமும் இப்படியே விட்டுவிடுவோம்” என்றேன். அக்கா என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஊரடங்கு எல்லாருக்கும் பொது. நான் மட்டும் நிறுத்தினால் அதற்கு வேறு பெயர்” என்றாள். அவள் சொன்னது சரி. பெருநாள்களை எளிமையாக்குங்கள் என்று புத்தி சொல்லும் எவரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊர் முழுவதும் நிறுத்தினால் அது காலம் செய்த குற்றம். ஒரு வீடு நிறுத்தினால் அந்த வீட்டுக்காரிக்கு மதம் பிடித்துவிட்டது.

2022ஐ இலங்கையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. எரிவாயு சிலிண்டருக்கு வெயிலில் வரிசை. அந்தச் சித்திரையில் குசினிக்குள் அடுப்பு எரிய வழியில்லை. உள்ளே விறகு வைத்தால் புதிதாகப் பதித்த மாபிள் பாழாகும் என்று, முற்றத்து மாமரத்தின் கீழ் மூன்று கல் வைத்தோம். தென்னம்மட்டை, பாளை, பொச்சு, கிடைத்ததெல்லாம் விறகு.

அப்போது நடந்ததை நான் முதலில் சரியாகக் கவனிக்கவில்லை. அக்கா தீயை ஊதிக்கொண்டிருந்தாள். கதிரையில் இருந்த அத்தான் எழும்பி வந்து, “மட்டையை இப்படிக் குறுக்கே வைத்தால் எப்படிப் பற்றும்?” என்று விறகைத் திருத்தி வைத்தார். வைத்தவர் போகவில்லை. தம்பி வந்தான். தம்பியோடு அவன் மகன் வந்தான். அரை மணி நேரத்தில் அடுப்பைச் சுற்றி நான்கு ஆண்கள். சோறு வடித்தது அத்தான். பருப்பும் பூசணிக்காய்ப் பால்கறியும் தம்பி. அகப்பையைப் பிடித்த விதத்திலேயே பழகிய கை என்று தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பே இல்லை. கோயில் அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்றுவது எங்கள் ஊர் ஆண்கள். வயல் வாடியில் கிடந்து காவல் காக்கும்போது சோறாக்கிக் கறி வைப்பதும் அவர்கள். அத்தான் வைக்கும் விரால் மீன் குழம்பைப் பற்றி வாடிக்குப் போனவர்கள் எல்லாம் பேசுவார்கள். அக்கா மட்டும் அதை ருசித்ததே இல்லை. சமைக்கத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். குசினி வாசற்படியைத்தான் அவர்களால் தாண்ட முடியவில்லை. அது அக்காவின் அறை. அங்கே நுழைந்தால் உதவிக்காரன் ஆகிவிடுவார்கள். மாமரத்தின் கீழ் அடுப்பு வந்ததும் அது யாருடைய அடுப்பும் இல்லை. ஆகவே எல்லாருடையதும் ஆயிற்று.

அடுத்த வருடம் சிலிண்டர் வந்துவிட்டது. சோபகிருது வருடம், 2023. எந்தச் சாக்கும் இல்லாத முதல் வருடம். ஊரடங்கு இல்லை, மின்வெட்டு இல்லை. பங்குனி பிறந்ததும் அக்கா தாச்சியைத் துலக்கி, கொப்பியைத் தேடி எடுத்துவிட்டாள். எனக்குப் பயம் பிடித்தது. நான் செய்த வேலையைச் சொன்னால் சிலர் ஏசுவீர்கள்: பலகாரம் தொடங்குகிற அன்று காலை எரிவாயு ரெகுலேட்டரைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் போய்விட்டேன். மத்தியானம் திரும்பி வந்தபோது அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் மாமரத்தின் கீழ் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அன்று மாலை எல்லாரும் இருந்து பேசினோம். பேசினோம் என்பது மரியாதையான சொல், சண்டை பிடித்தோம். முடிவில் பலகாரங்களைப் பங்கு போட்டோம். முறுக்கு அத்தானுக்கு. பயற்றம் உருண்டை எனக்கும் என் கணவருக்கும். அச்சுப் பலகாரம் தம்பி வீட்டில் அவன் மனைவியின் தாய் நன்றாகச் செய்வார், அங்கிருந்து வரட்டும். அரியதரம் மட்டும் அக்கா விடமாட்டேன் என்றாள், விட்டோம். தங்கச்சி வெள்ளவத்தையிலிருந்து வரும்போது முந்திரிகைப் பருப்பும் ஏலமும் வாங்கி வருவது, பிள்ளைகளின் சட்டைத்துணி பார்ப்பது. ஒருவர் ஒன்றை எடுத்தால் எண்ணெய் வாங்குவதிலிருந்து தாச்சி கழுவி வெயிலில் கவிழ்ப்பது வரை அவருடைய வேலை. இடையில் வந்து அக்காவிடம் உப்புக் கேட்கக் கூடாது. அக்காவும் எட்டிப் பார்த்து மா இறுகிவிட்டது என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது நிபந்தனைதான் கடினமாக இருந்தது. அத்தான் சுட்ட முதல் ஈட்டு முறுக்கு காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. அக்கா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அரியதரம் கரைந்த இரவில்கூட அவள் முகம் அவ்வளவு வாடவில்லை. எழும்பப் போனாள். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “கருகினால் என்ன, ஊரில் பல்லில்லாதவர்களா இருக்கிறார்கள்?” என்றார்.

வீடுகளைக் குறைப்பது வேறு கதை. அதைச் சொல்லாமல் செய்ய முடியாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தாள். பங்குனியிலேயே ஒவ்வொரு வீடாகப் போனாள். “இந்த முறை தட்டு அனுப்பவில்லை மாமி, நாங்கள்தான் வருவோம், தேத்தண்ணி ஊற்றி வையுங்கள்” என்று நேரில் சொன்னாள். நான் கூடப் போனேன். முதல் வீட்டில் அந்த மச்சாள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். “என் வாயால் சொல்லப் பயந்து கிடந்தேன் பிள்ளை, நீங்களே சொல்லிவிட்டீர்கள்” என்றார். இரண்டாவது வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பேச்சு. அவர்களிடமும் கொப்பி இருந்திருக்கிறது, மனதுக்குள்ளாவது. ஊரில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேருக்குப் பயந்து முறுக்குச் சுட்டிருக்கிறார்கள். பழைய கோபங்களும் இருந்தன: ஒரு பெரியம்மா மட்டும், “ஓம், இனி நாங்கள் யார் உங்களுக்கு?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை திருப்பியபடியே இருக்கிறார். எல்லாரையும் சந்தோஷப்படுத்திவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

43 வீடு 17 ஆயிற்று. இன்னும் குறைத்திருக்கலாம் என்று பட்டது. பட்டியலைப் பார்த்து, “இந்த ஒன்பது வீடும் ஏன்? இவர்களிடமிருந்து ஒரு தட்டும் வருவதில்லையே” என்று கேட்டேன். புள்ளடி போட்ட வீடுகள். அக்கா கொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சாவு நடந்த வீட்டில் ஆண்டுத் திவசம் முடியும்வரை பலகாரம் சுடமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. ஊரே எண்ணெய் வாசத்தில் கிடக்கும்போது அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் சொந்தக்காரரும் அயலவரும் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். புள்ளடி அந்த வீடுகளுக்கு. ஒரு வருடத்தில் புள்ளடி அழிந்து வேறு வீட்டுக்குப் போய்விடும். ஒரே ஒரு வீட்டின் புள்ளடி மட்டும் அழியவில்லை. கடற்கரைப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மா. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு அந்த வீட்டில் எண்ணெய்த் தாச்சி அடுப்பேறவில்லை. 2005 சித்திரையில் எங்கள் அம்மா கொண்டுபோன தட்டு முதல் தட்டு. கொப்பி அம்மாவிடமிருந்து அக்காவிடம் வந்தபோது புள்ளடியும் கூடவே வந்தது. அந்தத் தட்டை அக்கா பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப மாட்டாள். தானே போவாள். போனால் ஒரு மணி நேரம் திரும்ப மாட்டாள். முன்பெல்லாம் 42 தட்டுக்கிடையில் அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து பிடுங்கினாளோ தெரியாது. இப்போது இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறாள்.

பஞ்சாங்கச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வாக்கியப் பஞ்சாங்கம். அத்தானின் தாய் வீடு திருக்கணிதம். இரண்டும் வருடம் பிறக்கும் நேரத்தை ஒன்றாகச் சொல்வதே இல்லை. மருத்துநீர் எப்போது வைப்பது, தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை, என்ன நிறத்தில் உடுப்பது, கைவிசேஷம் எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள். கிணற்றடியில் அரைகுறையாக நனைந்தபடி பிள்ளைகள் நிற்க, இங்கே இரண்டு பெரியவர்கள் கிரகங்களைப் பற்றி வாதாடுவார்கள். விஷு புண்ணியகாலம் பிறப்புக்கு முன் நான்கு மணி நேரமும் பின் நான்கு மணி நேரமும் நீளும். இரண்டு பஞ்சாங்கத்தின் எட்டு மணி நேரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி பொதுவாகத்தான் இருக்கும். இதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டியது என் மகள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பார்த்தாயா, வாக்கியப்படியும் அந்த நேரம் சரிதான்” என்றார். அத்தான், “திருக்கணிதப்படியும்தான்” என்றார். இப்போது இருவரும் வென்றவர்களாகக் குளிக்கிறார்கள்.

2025இல் அந்தக் கோடு இன்னும் பயன்பட்டது. விசுவாவசு வருடம் பிறந்தது விடியற்காலை, கோழி கூவுவதற்கும் முன்னால். பழைய வழக்கமென்றால் அக்கா அந்த இரவு முழுவதும் தூங்கியிருக்க மாட்டாள். இம்முறை எல்லாரையும் தூங்கவிட்டு, புண்ணியகாலம் முடிவதற்குள் ஐந்து மணிக்கு எழுப்பினோம். கோயிலிலிருந்து போத்தலில் வாங்கிவைத்த மருத்துநீரை அப்பா ஒவ்வொரு தலையிலும் வைத்தார். சின்னவன் ஒருவன் தூக்கக் கலக்கத்தில் காலுக்கு வைத்த இலையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இந்த வருடம் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கு மட்டும்தான் கவலை.

கைவிசேஷத்திலும் ஒரு சிறிய திருத்தம் செய்தோம். வெளிநாட்டிலிருந்து மாமா வந்த வருடத்தில் அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 5000 ரூபாய்த் தாள் வைத்துக் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு அப்பா வெற்றிலையில் வைத்து நீட்டிய புதிய 100 ரூபாயைப் பிள்ளைகள் வாங்கிய விதத்தை நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். இப்போது புண்ணிய நேரத்தில் வெற்றிலையில் வைப்பது எல்லாருக்கும் எல்லாரிடமிருந்தும் 100 தான். வங்கியில் முன்கூட்டியே புதுத் தாள் மாற்றி வைப்பது என் பொறுப்பு. வெற்றிலை களுதாவளையிலிருந்து தம்பி கொண்டுவருவான். அங்கே வெற்றிலைக்குப் பஞ்சமா? பெரிய தொகை கொடுக்க விரும்புகிறவர்கள் பிறகு பிள்ளையின் வங்கிப் புத்தகத்தில் போடட்டும்.

தங்கச்சி முன்பு 13ஆம் திகதி இரவு ரயிலில் நின்றபடி வந்து 15ஆம் திகதி இரவு நின்றபடி போவாள். இடையில் இருக்கும் ஒன்றரை நாளில் அவள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். 2024இல் ஒரு வாரம் பிந்தி வந்தாள். அப்பாவுக்கு மனம் சரியில்லை. ஆனால் அவள் வந்தபோது பெட்டியில் இருக்கை இருந்தது, வீட்டில் சத்தம் அடங்கியிருந்தது, மட்டக்களப்புத் தயிர் சட்டி முழுதாக அவளுக்காகக் காத்திருந்தது. நாங்கள் மூவரும் பின் திண்ணையில் படுத்துக்கிடந்து பேசியது கலியாணத்துக்கு முன் பேசியது போல இருந்தது.

அந்த 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரையும் ஒரே வாரத்தில் வந்தன. மருதமுனையில் இருந்து வரும் என் பாடசாலைத் தோழி வட்டிலப்பம் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அதே ஏதனத்தில் பயற்றம் உருண்டை போனது. அதற்கு முந்திய வருடம் புத்தாண்டு நோன்புக்குள்ளேயே வந்தபோது, மாலையில் நோன்பு துறக்கும் நேரத்துக்குப் பார்த்துத் தட்டைக் கொண்டுபோனோம்; திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி. இந்தத் தட்டு கொப்பியில் இல்லை. எழுதியது இல்லை, மறந்ததும் இல்லை.

ஒன்றை மட்டும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை. குடி. புத்தாண்டு நாட்களில் மதுபானக் கடைகளைப் பூட்டச் சொல்வார்கள். அதனாலேயே 12ஆம் திகதி கடை வாசலில் நீளும் வரிசை எரிவாயு வரிசையைத் தோற்கடிக்கும். எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் வந்து, 20 வருடத்துக்கு முந்திய காணிப் பிரச்சினையைக் கிளப்புவார். பிள்ளைகள் போர்த்தேங்காய் அடிக்கும் நேரம் அது. ஒரு முறை தேங்காயைவிடப் பெரிய சத்தத்தோடு கதிரை ஒன்று உடைந்தது. குடித்துவிட்டு வளவுக்குள் வரக் கூடாது என்று அத்தானைக் கொண்டு சொல்ல வைத்தோம். ஒரு வருடம் வரவில்லை. அடுத்த வருடம் வந்தார். அவர் மனைவி படலைக்கு வெளியே நின்று அழுதார். இதற்கு எங்களிடம் மருந்து இல்லை. பிள்ளைகளை அந்த நேரத்தில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். தேங்காயையும் அங்கேயே கொண்டுபோய் அடிக்கிறார்கள்.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு வேலை உண்டு. மிச்சப் பலகாரங்களை டின்னில் போட்டு இறுக்குவது, தாச்சியில் மிஞ்சிய எண்ணெயை வடிப்பது, மாமரத்துச் சாம்பலை அள்ளித் தென்னை அடியில் போடுவது. இம்முறை அதை முடித்துவிட்டுக் கை துடைத்தபடி முன் வீட்டுக்குப் போனேன். அக்கா இன்னும் எழும்பவில்லை. எட்டரை மணி. மேசையில் கொப்பி திறந்தபடி கிடந்தது. பழைய கொப்பி முடிந்துவிட்டதால் புதியது வாங்கியிருக்கிறாள். மூலைகள் வெள்ளையாக இருந்தன. முதல் பக்கத்தில் 17 வீடுகள், இரண்டு புதிய புள்ளடிகள், ஒரு பழைய புள்ளடி. அவற்றுக்குக் கீழே பேனையை அழுத்தி எழுதியிருந்தாள்:

‘முறுக்கு – அவர் சுட்டது. போன முறையைவிடப் பரவாயில்லை. மா கொஞ்சம் இறுக்கம். சொல்லவில்லை.’